நாரியில் தொடங்கிக் கால் வரை இழுக்கும் வலி: வீட்டிலே நாமே உருவிக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் தையல் வேலை செய்கிறேன். கால் மிதி மெஷினில் பதினெட்டு வருடம். வலப்பக்க நாரியில் தொடங்கி, பின்தொடை வழியாக இறங்கி, சுண்டுவிரல் வரை இழுக்கும் வலி எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை ஐந்து மாதம் படுத்தி எடுத்தது. இரண்டாம் தடவை ஆறு கிழமையில் விட்டுவிட்டது. நடுவில் ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறையில் கற்றுக்கொண்டவைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது சட்டை தைக்க வருகிறவர்கள் துணியை மேசையில் வைக்க முன்னமே காலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. நாலாவது கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

எனக்கு இருப்பது சும்மா நாரிப்பிடிப்பா, சயாட்டிக்காவா?

நாரிப்பிடிப்பு நாரியோடு நிற்கும். குனிந்தால் பிடிக்கும், மிஞ்சிப்போனால் தொடை கொஞ்சம் உளையும். சயாட்டிக்கா பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயும் இறங்கும், அதுவும் ஒரு காலில்தான். கரண்ட் அடித்தது போல வெட்டும், சில நேரம் நெருப்புப் போல எரியும், சில நேரம் பாதத்தில் எறும்பு ஊரும். தும்மினால், இருமினால், கக்கூசில் முக்கினால் காலில் சுள்ளென்று இழுக்கும். பல பேருக்கு நாரியைவிடக் கால்தான் அதிகம் நோகும். "எனக்கு நாரியில் ஒன்றுமே இல்லை, கால் மட்டும்தான்" என்று வந்தவர்களும் உண்டு. அவர்கள் கெண்டைக்காலைப் பிசைந்து பிசைந்து களைத்துப் போயிருப்பார்கள்.

கால் நோகிறது, நீங்கள் ஏன் குண்டியைக் காட்டுகிறீர்கள்?

வலி தெரிவது காலில், நரம்பு நெரிபடுவது மேலே. சயாட்டிக் நரம்பு என்ற இதுதான் உடம்பிலேயே தடித்த நரம்பு, அதன் தடித்த இடத்தில் ஒரு விரல் அகலம் இருக்கும். நாரியின் அடி எலும்புகளுக்குள் இருந்து ஐந்து வேர்களாக வந்து ஒன்று சேர்ந்து, குண்டித் தசைக்கு அடியால் நுழைந்து, பின்தொடையில் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. குண்டிக்குள் ஆழத்தில் பிரிஃபோமிஸ் என்று ஒரு சிறிய தசை இருக்கிறது. நடு எலும்பில் இருந்து இடுப்பின் பக்க எலும்புக்குக் குறுக்கே போகும். அநேகருக்கு நரம்பு அதற்குக் கீழாலேயே வெளியே வருகிறது. அந்தத் தசை இறுகினால் நரம்புக்கு இடம் குறையும்.

எந்த விரல் விறைக்கிறது என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. பெருவிரல் பக்கம் என்றால் ஒரு வேர், சுண்டுவிரலும் குதிக்காலின் வெளிப்பக்கமும் என்றால் அதற்கு அடுத்த வேர். வைத்தியரிடம் போகும்போது இதைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

உருவினால் விலகின டிஸ்க் உள்ளே போகுமா?

போகாது. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டின் உள்சதை பிதுங்கி நரம்பு வேரைத் தொடுவதுதான் சயாட்டிக்காவுக்கு மிகப் பொதுவான காரணம். 1934 இல் பொஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு வைத்தியர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலாக ஏற்கப்பட்டது. அந்தப் பிதுக்கம் உடம்பின் நடுவில், கை எட்டாத ஆழத்தில் இருக்கிறது. வெளியே நின்று தள்ளி அதை உள்ளே விடுகிறேன் என்பவரை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். நான் கொடுத்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. முழங்கையை ஊன்றி அமுக்கினார், இரண்டு நாள் எழும்ப முடியவில்லை.

நல்ல செய்தி ஒன்று: பிதுங்கினது பல பேருக்குத் தானாகவே மெல்ல மெல்ல வற்றிப் போகிறது. ஸ்கானில் பெரிதாகத் தெரிந்தது சில மாதங்களில் சிறுத்துவிடுவதும் உண்டு. அதுவரைக்கும் வலிக்குப் பயந்து நாரியைச் சுற்றி இருக்கும் தசைகள் எல்லாம் கல் போல இறுகி நிற்கும். அந்த இறுக்கத்தைத்தான் நம் கையால் தளர்த்த முடியும். தளர்ந்தால் நித்திரை வரும், நடக்க முடியும். உருவுவதன் பலன் அவ்வளவுதான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு முழித்திருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எந்த நிலையில் கையே வைக்கக்கூடாது?

இரண்டு தொடைக்கும் நடுவே, சைக்கிள் சீற்றில் படும் இடம் விறைத்துப் போனால். சலம் போக முடியாமல் அடைத்தால், அல்லது தெரியாமல் போனால். மலத்தை அடக்க முடியாவிட்டால். இரண்டு காலும் ஒன்றாகப் பலம் இழந்தால். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, அந்த மணித்தியாலமே பெரியாஸ்பத்திரி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ அம்பாறையோ கல்முனையோ, எது கிட்டவோ அது. வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் காசு வாங்காது. காலையில் பார்ப்போம் என்று விட்டால் சலம் போகும் நரம்பு திரும்பி வராமலே போகலாம்.

பாதத்தைத் தூக்க முடியாமல் முன்பாதம் நிலத்தில் இழுபட்டால், செருப்பு தானாகக் கழன்றால், அதுவும் நாள் கடத்தக் கூடாத விஷயம். காய்ச்சலோடு நாரி நோவு, காரணமில்லாமல் உடம்பு மெலிதல், முன்பு புற்றுநோய் வந்தவர், மரத்தில் இருந்தோ மோட்டர் சைக்கிளில் இருந்தோ விழுந்தவர், எலும்பு தேய்ந்த வயதானவர்: இவர்கள் முதலில் வைத்தியரைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய்ப் போத்தலைத் திறக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து நோகிறது என்றால் அது இரத்தம் கட்டினதாக இருக்கலாம். அதை உருவினால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. பிள்ளை பெற்ற புதிதில் இருப்பவர்கள், ஒப்பரேஷன் செய்து படுத்திருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். வார்ஃபரின் போல இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அழுத்தி எதுவும் செய்யக்கூடாது.

சரி, எங்கே, எப்படி அமுக்குவது?

சின்ன வயதில் நர்ஸ் குண்டியில் ஊசி போட்ட இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்தால் மேலே, வெளிப்பக்கம் இருக்கும் கட்டம். நரம்பில் ஊசி படக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தார்கள். நமக்கும் அதே கட்டம்தான் பாதுகாப்பு. கீழே உள்பக்கம், இருக்கும்போது நிலத்தில் படும் எலும்புக்கு அருகே அமுக்கினால் நரம்பின் மேலேயே அமுக்குகிறோம்.

ஒரு டெனிஸ் பந்து எடுங்கள். பிள்ளைகள் கிரிக்கெட் அடித்து மயிர் உதிர்ந்த பழைய பந்துதான் நல்லது, புதிது கொஞ்சம் விறைப்பு. சுவரோரம் நின்று, நோகும் பக்கத்தைச் சற்றுச் சரித்துச் சாய்ந்து, அந்தக் கட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பந்தை வையுங்கள். முழங்கால்களைக் கொஞ்சம் மடியுங்கள். பாதத்தைச் சுவரில் இருந்து தள்ளி வைத்தால் அழுத்தம் கூடும், கிட்ட வைத்தால் குறையும். எல்லாம் உங்கள் காலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதனால்தான் நிலத்தைவிடச் சுவர் நல்லது என்கிறேன். மெல்ல மேலும் கீழும் உருட்டினால் ஒரு இடத்தில் "ஆ, இதுதான்" என்று இருக்கும். உருட்டுவதை நிறுத்திவிட்டு, அங்கேயே அரை நிமிடம் நின்று மூச்சை நீளமாக விடுங்கள். நோவு தானாக மங்கும். மங்கினதும் அடுத்த இடம். மூன்று நாலு இடம் போதும்.

அமுக்கும்போது பாதத்தில் மின்னினாலோ விறைத்தாலோ பந்து நரம்பில் இருக்கிறது. உடனே எடுத்து மேலே, வெளியே நகர்த்துங்கள். தசை நோவது வேறு, நரம்பு நோவது வேறு. தசை நோவில் ஒரு சுகம் இருக்கும், "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும். நரம்பு நோவில் பல்லைக் கடிக்கத்தான் வரும். இந்த வித்தியாசத்தை உடம்பு ஒரு கிழமையில் படித்துவிடும்.

பிறகு நாரி. இரண்டு பந்தை ஒரு சொக்ஸுக்குள் போட்டு முடிந்துகொள்ளுங்கள். முள்ளந்தண்டு நடு இடைவெளியில் வர, இரு பக்கத் தசையிலும் ஒவ்வொரு பந்து படும்படி சுவரில் சாய்ந்து முழங்காலை மடித்து நிமிர்த்தினால் பந்து தானாக ஏறி இறங்கும். எலும்பின் மேலே ஒருபோதும் அமுக்காதீர்கள். பந்து இல்லாவிட்டால் இரண்டு கை முட்டியையும் பின்னால் வைத்துச் சின்ன வட்டமாகத் தேயுங்கள்.

கடைசியாகத் தொடை. கதிரை நுனியில் இருந்து, உள்ளங்கையில் எண்ணெய் பூசி, முழங்காலுக்கு மேலே இருந்து குண்டி வரை நீளமாக, இலேசாக உருவுங்கள். இங்கே அமுக்கத் தேவையில்லை. முழங்காலின் பின்குழியையும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்பு முண்டையும் தொடாமல் விடுங்கள். அந்த இரண்டு இடத்திலும் நரம்பு தோலுக்கு மிகக் கிட்ட ஓடுகிறது.

முடிந்ததும் மல்லாந்து படுத்து, நோகும் காலின் பாதத்தை மற்ற முழங்காலில் போட்டு, இரு காலையும் நெஞ்சுப் பக்கம் மெல்ல இழுத்து முப்பது செக்கன் பிடியுங்கள். இரண்டு மூன்று தடவை. இழுவை குண்டியில்தான் தெரிய வேண்டும், காலுக்கு மின்னினால் விட்டுவிடுங்கள்.

பந்துக்குப் பதிலாக வேறு ஏதாவது?

துவாயை இறுக்கச் சுருட்டி முடிச்சுப் போட்டால் போதும். குரும்பையை வைத்து உருட்டின ஒரு மச்சாளைத் தெரியும், ஒரு கிழமை கண்டிப்போய் இருந்தது. லெதர் பந்தும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. குளித்த பிறகும் படுக்க முன்னமும் எனக்குச் சரிவந்தது. அமுக்கும்போது பத்துக்கு ஐந்துக்கு மேல் நோகக்கூடாது. அடுத்த நாள் காலை கூடுதலாக நொந்தால் முதல் நாள் அளவுக்கு மிஞ்சிவிட்டோம் என்று அர்த்தம், ஒரு நாள் விட்டு, அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். "அழுத்த அழுத்தத்தான் கழலும்" என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. இந்த வலியில் அது பிழை.

எந்த எண்ணெய் நல்லது?

கை வழுக்கினால் போதும், நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வீட்டில் இருப்பது. சித்த வைத்தியர் தந்த தைலம் இருந்தால் தாராளமாகப் பூசுங்கள். தோலுக்குக் கிடைக்கும் சூட்டுக்கும் வாசத்துக்கும் ஒரு ஆறுதல் உண்டு, ஆனால் நரம்பு வரைக்கும் எதுவும் இறங்குவதில்லை. சித்தாலேப போன்ற எரிகிற பாம் பூசினால் அதற்கு மேலே சுடுதண்ணிப் போத்தல் வைக்காதீர்கள், தோல் பொத்துவிடும்.

சுடு ஒத்தணமா, ஐஸா?

எது சுகமோ அது. முதல் இரண்டு மூன்று நாளில் சிலருக்கு ஐஸ் கேட்கும், பிறகு சூடு கேட்கும். இரண்டையும் துணியில் சுற்றி, பதினைந்து நிமிடம். நொச்சி இலை வதக்கி ஒத்தணம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம், அதில் வேலை செய்வது முக்கியமாகச் சூடுதான். சித்திரை வெயிலில் மத்தியானம் யாரையும் இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

மகனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லலாமா?

வேண்டாம்.

உருவத் தொடங்கினதில் இருந்து கால் வலி குறைகிறது, ஆனால் நாரி கூட நோகிறது. பிழையாகச் செய்கிறேனா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்டால் எனக்குச் சந்தோஷம். பாதத்தில் இருந்த வலி முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, கடைசியில் நாரியில் வந்து நின்றால் அது நரம்பு விடுபடுகிற அறிகுறி. நாரியில் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். மறுபக்கம், நாரி சுகமாகிவிட்டது, ஆனால் வலி கீழே கீழே இறங்குகிறது என்றால், செய்வதை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். நான் நோவின் அளவைப் பார்ப்பதில்லை, அது எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கிறேன். தையல் அளவுக் கொப்பியின் ஓரத்தில் தினமும் ஒரு சொல் எழுதினேன்: "பாதம்", "பாதம்", "கெண்டை", "கெண்டை", "தொடை". இருபத்தாறாம் நாள் "நாரி".

முழுக்கப் படுத்து ஓய்வெடுக்க வேண்டுமா?

முதல் தடவை நான் செய்த பெரிய பிழை அதுதான். மூன்று கிழமை பாயில் கிடந்தேன், எழும்பும்போது நாரியில் பலமே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் சரி. பிறகு நடக்க வேண்டும், ஐந்து நிமிடமாவது, நாளைக்கு நாலைந்து தடவை. இரண்டாம் தடவை நான் பின்னேரங்களில் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்தேன். வாவிக் காற்று, தட்டையான வழி, களைத்தால் சாயக் கம்பி. இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். பாடுகிறதோ இல்லையோ, ஒரு கிழமையில் பாலத்தின் நடுவரைக்கும், மூன்று கிழமையில் அந்தக் கரை வரைக்கும் போனேன்.

படுப்பதென்றால், பக்கமாகப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை. மல்லாந்தால் முழங்காலுக்குக் கீழே. வெறும் சீமெந்துத் தரைதான் நாரிக்கு நல்லது என்பதும் ஒரு பழைய நம்பிக்கை. நடுத்தர விறைப்பான மெத்தைதான் அநேகருக்குச் சுகம். பாயில் படுப்பவர்கள் அப்படியே நிமிராமல், பக்கம் புரண்டு கையை ஊன்றி எழும்புங்கள்.

தொழும்போது சுஜூதில் இருந்து எழும்ப முடியவில்லை. என்ன செய்வது?

காத்தான்குடியில் இருந்து சட்டை தைக்க வரும் ஒரு ராத்தா கேட்டது. கதிரையில் இருந்து தொழலாம், இயலாதவர்களுக்கு மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது என்று அவரே சொன்னார், மனம்தான் ஒப்பவில்லையாம். வலி காலில் இருக்கும் வரைக்கும் கதிரை. நாரிக்கு ஏறின பிறகு மெல்ல மெல்லத் தரைக்குப் போகலாம். திருவலையில் இருந்து தேங்காய் துருவுவது, குந்தியிருந்து மீன் வெட்டுவது, சம்மாணம் கட்டிச் சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வயல் வேலைக்கு எப்போது திரும்பலாம்?

படுவான்கரைப் பக்கத்து ஆட்கள் பெரும்போகம் தொடங்கும்போது வந்து கேட்பார்கள், காத்திருக்கச் சொன்னாலும் காத்திருக்க மாட்டார்கள். வரம்பில் நடப்பது, தண்ணி பார்ப்பது பிரச்சினை இல்லை. குனிந்து நாற்று நடுவதும் 50 கிலோ யூரியாப் பையைத் தூக்கித் திரும்புவதும்தான் ஆபத்து. தூக்குவதைவிடத் தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்புவது மோசம், காலை எடுத்து வைத்து உடம்பு முழுவதும் திரும்புங்கள். வாவியில் வீச்சு வலை எறிபவர்களுக்கும் இது பொருந்தும், ஆனால் திரும்பாமல் வலை எறிய எனக்கு வழி தெரியாது. அவர்கள் வலி முழுக்க விடும் வரை இன்னொருவரை எறியவிட்டு வள்ளத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். லான்ட்மாஸ்டர் ஓடுபவர்கள் அந்தக் குலுக்கலில் அரை மணிக்கு ஒருதரம் இறங்குங்கள்.

பாமசியில் என்ன மாத்திரை வாங்கலாம்?

இந்த வலிக்குப் பனடோல் பெரிதாகக் கேட்காது. டைக்ளோஃபெனாக் போன்றவை சிலருக்குக் கேட்கும், ஆனால் வயிற்றில் புண், பிரசர், சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் இருப்பவர்களுக்கு அது ஆகாது. மழைக் காலத்தில் காய்ச்சலோடு உடம்பு நோவு வந்தால் டெங்குவாக இருக்கலாம், அப்போது டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரோஃபெனும் தொடவே கூடாது. கேட்டு எடுங்கள், அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்டதென்று எடுக்காதீர்கள்.

சீனி வருத்தம் இருக்கிறது. இரண்டு பாதமும் எரிகிறது. இதுவும் சயாட்டிக்காவா?

இரண்டு பாதமும் ஒரே மாதிரி, காலுறை போட்ட அளவுக்கு எரிந்து விறைத்தால் அது பெரும்பாலும் சீனியால் நரம்பு கெட்டது. குண்டியில் பந்து உருட்டி அது போகாது, கிளினிக்கில் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சுடுதண்ணி ஒத்தணம் வேண்டாம், வெந்தால்கூடத் தெரியாது. அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நேர்த்தி வைத்திருப்பவர்களும் இதை யோசியுங்கள்.

நான் ஆறு மாதக் கர்ப்பிணி, எனக்கும் இழுக்கிறது.

பக்கமாகப் படுத்து, வீட்டுக்காரரையோ அம்மாவையோ அந்த மேல் வெளிக் கட்டத்தில் உள்ளங்கையால் இலேசாக வட்டமிடச் சொல்லுங்கள். சுவர்ப் பந்தில் உடம்பைச் சாய்ப்பது வேண்டாம், மல்லாந்து நெடுநேரம் கிடப்பதும் வேண்டாம். உங்கள் மிட்வைஃபிடமும் சொல்லி வையுங்கள்.

ஸ்கான் எடுக்காமல் எப்படி நம்பி இருப்பது?

நாலாம் கேள்வியில் சொன்னது எதுவும் இல்லையென்றால் உடனே ஸ்கான் தேவையில்லை. வலியே இல்லாதவர்களின் நாரியை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பல பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். ஆறு கிழமைக்குள் கொஞ்சமும் குறையாவிட்டால், அல்லது இடையில் கால் பலம் குறைந்தால் போய்க் காட்டுங்கள். அரச பெரியாஸ்பத்திரிகளில் பிசியோதெரபி காசில்லாமல் கிடைக்கும், வரிசையில் இருக்கும் நேரம்தான் செலவு. அங்கே கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டு இருங்கள்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போக நேர்த்தி. போகலாமா?

நடப்பது நல்லது என்று நானே எழுதிவிட்டு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உகந்தையில் இருந்து குமண, யால காட்டுக்குள் இறங்கிவிட்டால் நடுவில் திரும்ப வழி இல்லை, தலையில் மூட்டை வேறு. வலி காலில் இருக்கும் வருடம் உகந்தை வரைக்கும் பஸ்ஸில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. ஏதாவது சொல்லுங்கள்.

முடிந்தால் ரயில், எழும்பி நடக்கலாம். பஸ் என்றால் நடைபாதை ஓரத்து சீற், நாரிக்குப் பின்னால் சுருட்டின துவாய், தேத்தண்ணிக்கு நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி நடை. பந்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கடைச் சுவர் எங்கேயும் இருக்கும். ஆண்கள் பேர்ஸைப் பின் பொக்கட்டில் இருந்து எடுத்துவிட்டு இருங்கள்.